விற்காத புடவைக்கு வந்த அட்வான்ஸ்

சீட்டாட்டத்தில் தோற்றுக் கெட்டவர்களைத்தான் ஊருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஜெயித்துக் கெட்டவர். இதைச் சொன்னால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. "ஜெயிச்சா எப்படிமா கெடுவாங்க?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் என்னோடு ஆறு வாரம் பேங்க் வாசலில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

அவர் பெயர் உதயகுமார். வயது நாற்பத்து மூன்று. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, கோபம் வந்தால்கூடக் குரல் உயராது. வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதையும் நான் ஒருத்தியே பட்டாக வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் அட்டை குத்திக்கொண்டிருந்தார். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். எந்த அட்டையில் எங்கே ஓட்டை என்பதைப் பொறுத்துத்தான் புடவையில் மாங்காய் விழுவதும் மயில் விழுவதும். கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனைப் பார்த்து அந்த ஓட்டைகளைக் குத்துவது அவர் தொழில். ஆயிரத்து இருநூறு அட்டையில் எந்த அட்டை தப்பு என்று தாளைப் பார்க்காமலே சொல்லுவார். கம்ப்யூட்டரில் குத்துகிற மெஷின் வந்தது, வேலை போயிற்று. பிறகு ஒரு ஜவுளிக் கடையில் பார்சல் கட்டப் போனார். அந்தக் கடை சேல்ஸ்மேன் விமல்ராஜ்தான், சாப்பாட்டு நேரத்தில் போனில் போக்கர் என்கிற சீட்டாட்டம் ஆடி இவருக்குக் காட்டினான். விமல்ராஜ் மூவாயிரம் ரூபாய் தோற்றுவிட்டு அதோடு விட்டான். இவர் பிடித்துக்கொண்டார்.

மற்றவர்கள் ஆடுகிற மாதிரி அவர் ஆடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு, எந்தக் கை வந்தால் எத்தனை முறை ஜெயிக்கும், எதிரே உட்கார்ந்திருக்கிறவன் எப்போது பொய் சொல்லுவான் என்று ஒரு வருஷம் எழுதினார். பத்துக் கையில் எட்டுக் கையைப் பணம் கட்டாமலே கீழே போட்டுவிடுவார். நாலு வருஷம் நம் நாட்டுக் கம்பெனிகளின் ஆப்பில்தான் ஆடினார். ஆதார் கேட்டார்கள், கொடுத்தார். ஜெயித்ததில் நூற்றுக்கு முப்பது வரி பிடித்துக்கொண்டார்கள், பிடித்துக்கொள்ளட்டும் என்றார். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஆடக்கூடாது என்று விதி வந்தது, பதினொன்றரைக்கே போனை அணைத்துவிட்டுப் படுத்தார். மாதம் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் வந்தது. எங்கள் பெண் மஹாலட்சுமியைக் கல்லூரியில் சேர்த்தது அந்தப் பணத்தில்தான். தெருவில் யாராவது சூதாடி என்று சொன்னது காதில் விழுந்தால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

"இது சூது இல்ல காயத்ரி, கணக்கு. சூதாட்டக்காரனுக்கு வரி போடுவாங்களா?" என்பார்.

போன ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடுகிற ஆட்டம் எதுவும் ஆன்லைனில் கூடாது, திறமை ஆட்டமாக இருந்தாலும் கூடாது. மறுநாளே ஆப்பைத் திறந்தால், 'பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் கிடையாது' என்று வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நாலு வருஷம் வரி கட்டின மனுஷன். "வுட்டுத் தள்ளுங்க, திரும்ப பார்சல் கட்டப் போங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பத்தே நாளில் வெளிநாட்டுத் தளம் ஒன்றைப் பிடித்துவிட்டார். அதுவும் லேசில் உள்ளே விடவில்லை. 'உங்கள் நாட்டிலிருந்து அனுமதி இல்லை' என்று கதவைச் சாத்தியது. உடனே ஒரு வி.பி.என். போட்டார். அதைப் போட்டால் நாம் இருக்கிற ஊர் மாறித் தெரியுமாம். கொழும்பைத் தேர்ந்தெடுத்தார். அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்று, தமிழ்ப் பெயரைப் பார்த்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று விளக்கம். அந்த வி.பி.என். பாதியில் அறுந்து அறுந்து போகும். ஒரு நாள் நல்ல கை வந்து, மேஜையில் இருந்த அத்தனை பேரும் பணத்தைக் கொட்டியிருக்கும்போது, 'நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?' என்று கேட்டுத் தளம் இவரை வெளியே தள்ளிவிட்டது.

"பொறந்ததுலேர்ந்து ஒரே தெருவுல உக்காந்துக்கினு இருக்கறேன், என்ன எந்த நாடுன்னு கேக்கறான்டி!" என்றார். அழாத குறை.

"கொழும்புன்னு நீங்கதானே சொன்னீங்க? போய் அங்கியே அழுங்க" என்றேன்.

அந்தச் சமயத்தில் அவர் பேங்க்கும் கைவிட்டது. வெளிநாட்டுத் தளத்துக்கு இரண்டு முறை பணம் அனுப்பியிருந்தார் போல. காரணம் ஒன்றும் சொல்லாமல் கணக்கை மூடிவிட்டு, மிச்சத்துக்கு ஒரு காசோலை அனுப்பி வைத்தார்கள். எந்த மானமுள்ள மனுஷனும் அதோடு நிறுத்தியிருப்பான். இவரோ வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார். வேட்டிகூட இல்லை, என் புடவைக்குள் விட்டார்.

நான் நெய்கிறவள். கூட்டுறவு சொசைட்டியில் உறுப்பினர், பதினோரு வருஷமாக. சொசைட்டி, தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவும் பட்டும் ஜரிகையும் கொடுக்கும், நான் நெய்து கொடுப்பேன், கூலி என் பேங்க் கணக்கில் விழும். அந்தக் கணக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்றால், வீட்டுக்கு. நாங்கள் இருக்கிற வாடகை வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கினவர் தறிக்குழியை மூடி டைல்ஸ் போடப் போகிறாராம், பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். இந்தக் காலத்தில் குடும்பத்துக்கு வீடு கிடைக்கும், தறிக்கு வீடு கிடைக்காது. நெய்கிறவள் காலை இறக்கி உட்காரத் தரையில் குழி தோண்ட வேண்டும், நாள் முழுக்கச் சத்தம் கேட்கும், மழை வந்தால் குழியில் நீர் ஊறும். எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? இரண்டு தெரு தள்ளிப் பட்டம்மாள் என்று ஒரு அம்மா. அவர்கள் வீட்டில் குழி ஏற்கெனவே இருந்தது. இரண்டு லட்சம் லீஸ் கேட்டார்கள்.

"மார்கழில யாரும் குடி போவ மாட்டாங்க. கார்த்திகை முடியறதுக்குள்ள பணத்தக் கொடுத்துட்டுப் பால் காய்ச்சிடு. அதுக்கு மேல என்னால வெச்சிக்கினு இருக்க முடியாதும்மா" என்றார்கள்.

எழுபதாயிரம் குறைந்தது. அந்த வாரம்தான் இவர் ஒரு டோர்னமென்ட்டில் ஜெயித்தார். எழுநூறு பேரில் மூன்றாவது. கிட்டத்தட்ட எண்ணூறு டாலர். சொன்னதும் நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது.

அந்த டாலரை இங்கே கொண்டு வர நேர் வழி கிடையாது. தளம் அதை டிஜிட்டல் டாலராகத்தான் கொடுக்கும். அதை முகம் தெரியாத யாராவது ஒருத்தர் போனிலேயே வாங்கிக்கொள்வார், விலையை ரூபாயாக நம் பேங்க் கணக்கில் போடுவார். "உன் கணக்கு நம்பர் குடு, ரெண்டே தடவ" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கொடுத்தேன். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்று என் அம்மா சொல்லுவாள், இந்தக் கதையில் ஊசி நான்தான். நாற்பத்தாறாயிரம் ஒரு தடவை, இருபத்து நாலாயிரம் ஒரு தடவை வந்தது. அனுப்புகிறவர்களிடம், குறிப்பு கேட்கிற இடத்தில் 'பட்டுப் புடவை அட்வான்ஸ்' என்று எழுதச் சொல்லியிருந்தார். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரி கணக்கில் எந்த ஊர்க்காரன் எத்தனை ஆயிரம் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஐப்பசி கடைசி வாரம். மழை கொட்டி, குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். தறி ஓடாத அன்றைக்கே பட்டம்மாளுக்குப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று பேங்க்குக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "மேனேஜரப் பாருங்கம்மா" என்றாள்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் எனக்கு ஆன பிரயோஜனம் என்ன என்பது வேறு விஷயம்.

"உங்க கணக்க முடக்கி வெச்சிருக்காங்கம்மா. வடக்கே ஒரு மாநிலத்துல சைபர் போலீஸ் எழுதியிருக்காங்க. ஒரு அம்மாவ போன்ல மிரட்டி ஒம்போது லட்சம் பிடுங்கியிருக்கானுங்க. அதுல நாப்பத்தாறாயிரம் கை மாறி கை மாறி உங்க கணக்குக்கு வந்திருக்கு."

"அந்த நாப்பத்தாறாயிரத்த எடுத்துக்குங்க சார். மீதி என் கூலிப் பணம்."

"அது எனக்கும் புரியுதும்மா. ஆனா கணக்கு மொத்தத்தையும்தான் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. பணம் உள்ள வரும், வெளிய போகாது. அந்த ஸ்டேஷன்லேர்ந்து கடுதாசி வந்தாத்தான் நான் கை வைக்க முடியும்."

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுத் தறி நின்றுவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எப்படிடி தெரியும், டாலர் வாங்கறவன் திருட்டுப் பணத்துல வாங்கறான்னு" என்றார். தெரியாதுதான். முகம் தெரியாதவனிடம் வாங்கினால் எப்படித் தெரியும்? எதிரே இருக்கிறவன் எப்போது பொய் சொல்லுவான் என்று ஒரு வருஷம் நோட்டில் எழுதினவருக்கு, இவ்வளவு தெரியாமல் போயிற்று.

அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் இந்தி. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. விமல்ராஜைக் கூப்பிட்டோம். வடக்கத்திக் கல்யாணக் கூட்டத்துக்குப் புடவை விற்றே இந்தி கற்றவன் அவன். அவன் பேசினால் அதிகாரிக்குப் புடவை வாங்கத் தோன்றுமே தவிர, கணக்கைத் திறக்கத் தோன்றாது. நாலு நாள் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தவர், சம்பந்தப்பட்ட அதிகாரி லீவு என்றார். எட்டாம் நாள்தான் அந்த சப்-இன்ஸ்பெக்டர் கிடைத்தார்.

"பொடவை வித்த பணம்னு குறிப்புல இருக்குதே, பில்லு, போட்டோ, கூரியர் ரசீது அனுப்பச் சொல்றாரு அண்ணி" என்றான் விமல்ராஜ்.

"புடவையே விக்கலன்னு சொல்லு தம்பி. நடந்ததச் சொல்லிடு" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார். போனை வைத்த பிறகு, "சொன்னா ஆட்டக் கேசும் சேர்ந்துக்கும். ஆடறவன் மேல கேசு கெடையாதுன்னு சொல்றானுங்க, யாரு கண்டது? நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் போனிலேயே 'காயத்ரி சில்க்ஸ்' என்று ஒரு பில் தயாரித்து, என் தறியில் இருந்த அரக்குப் புடவையைப் போட்டோ எடுத்து, இரண்டையும் அனுப்பிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

நாலு நாள் கழித்து அந்த அதிகாரியே வீடியோவில் கூப்பிட்டார். விமல்ராஜ் பக்கத்தில் இருந்தான். அதிகாரி ஒரு படத்தைக் காட்டினார். என் தறி. என் புடவை. தறிச் சட்டத்தில் கட்டியிருந்த அட்டைத் துண்டுகூடப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அதில் சொசைட்டி பெயர், டிசைன் எண், என் உறுப்பினர் எண் எல்லாம் இருக்கும்.

"இது இன்னா நம்பருன்னு கேக்கறாரு அண்ணி. இந்த சொசைட்டிக்கு எழுதி விசாரிக்கறேங்கறாரு."

சொசைட்டி பெயர் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தறியில் இருக்கிற புடவை என்னுடையது இல்லை. பட்டு சொசைட்டியுடையது, ஜரிகை சொசைட்டியுடையது, கூலி மட்டும்தான் என்னுடையது. எங்கள் தெருவில் ஒருத்தன் குடித்துவிட்டுப் புரளலாம், மறுநாள் வேலைக்கு வரலாம். சொசைட்டிப் பாவில் நெய்ததை வெளியில் விற்றவன் மட்டும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. உறுப்பினர் பதவி போகும், அப்புறம் தனி முதலாளிகூடப் பாவு கொடுக்க மாட்டான். என் வீட்டுக்காரர், தன்னை யாரும் சூதாடி என்று சொல்லக்கூடாது என்பதற்காக, என்னைத் திருடி என்று பில் போட்டு, என் நம்பரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். நெசவுக்காரன் மகன்! அந்த அட்டைத் துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் படம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தறி என்றால் அது இருக்கத்தான் செய்யும் என்று பிறந்ததிலிருந்து பார்த்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

அதிகாரி இன்னொன்றும் சொன்னார். விற்றது உண்மை என்றால் புடவை எங்கே? பணம் பறிகொடுத்த அம்மாவுக்கு அதை அனுப்பிவிடுங்கள். அவர் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தால் கணக்கைத் திறக்கச் சொல்கிறேன்.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு பொடவதானே காயத்ரி! அனுப்பிடலாம். மழைத் தண்ணி ஏறி பாவு நாசமாப் போச்சின்னு சொசைட்டில சொல்லிக்கலாம். இந்த வருஷம் யாரு குழிலதான் தண்ணி வரல?"

அப்போது கையில் கிடைத்தது ஒரு சொம்பு. வீசிவிட்டேன். அவர் மேல் படவில்லை, சுவரில் பட்டது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"பதினோரு வருஷமா ஒரு இழை எடுத்து வெச்சிக்கினவ இல்ல நானு. உங்க ஆட்டத்துக்கு நான் திருடணுமா? தம்பி, அந்தம்மா நம்பர் வாங்கிக் குடு. நானே பேசறேன்."

மறுநாள் விமல்ராஜ் நம்பர் வாங்கிப் போட்டுக் கொடுத்தான். ஓய்வுபெற்ற டீச்சராம். குரல் தெளிவாக இருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் இந்தியில் சொன்னான். புடவை எதுவும் விற்கவில்லை, பில் பொய், பணம் இப்படி வந்தது, என் கூலிப் பணமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது, உங்கள் நாற்பத்தாறாயிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் ஆட்சேபிக்க மாட்டேன். அந்த டீச்சர் தன் கதையைச் சொன்னார்கள்.

"ரெண்டு நாள் அந்தப் போன் முன்னாடி சோறு தண்ணியில்லாம உக்காந்துக்கினு இருந்தேன், என்ன அரெஸ்ட் பண்ணிட்டோம்னு சொன்னானுங்க, அப்படிங்கறாங்க அண்ணி" என்றான் விமல்ராஜ். பிறகு, "உன் புருஷன் இன்னா பண்ணி அந்தப் பணத்த வாங்கினான்னு கேக்கறாங்க."

"சீட்டு ஆடின்னு சொல்லு."

அவர்கள் ஏதோ கேட்டார்கள். விமல்ராஜ் தயங்கினான்.

"இன்னா கேக்கறாங்க?"

"ஜெயிச்சானான்னு கேக்கறாங்க."

"ஜெயிச்சாருன்னு சொல்லு" என்றேன். அந்த அவமானத்தை எந்த ஊர்த் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த அம்மா நல்லவர்கள். தன் பணம் போய்ச் சேர்ந்த கணக்குக்காரர்களில் இதுவரை கூப்பிட்டுப் பேசின முதல் ஆள் நான்தான் என்றார்கள். தன் நாற்பத்தாறாயிரம் வந்தால் போதும், மீதியில் தனக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பில் பொய் என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் விமல்ராஜிடம் அரை மணி நேரம் கத்தினார். கடைசியில் கேஸ் எதுவும் போடவில்லை, சொசைட்டிக்கும் எழுதவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

அதிகாரி அனுப்பின கடிதம் பேங்க்கின் வேறு ஒரு ஆபீசுக்குப் போய்விட்டது. அங்கிருந்து இங்கே வரவில்லை. மறுபடி அனுப்பினார்கள், முத்திரை இல்லை. முத்திரையோடு வந்தது, கணக்கு எண்ணில் ஒரு எண் தப்பு. ஒவ்வொரு நாளும் தறியை நிறுத்திவிட்டுப் பேங்க்குக்கு நடந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இன்னும் வரலம்மா" என்பார். எழுந்து நிற்காமல் இருந்தால்கூடத் தேவலை. என் வீட்டுக்காரர் சங்கதி எல்லாம் தெரிந்த மாதிரி கவுன்ட்டர் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். பட்டம்மாளிடம் போய் ஒரு வாரம் தவணை கேட்டுக் கெஞ்சினேன், இன்னும் நாலு நாள் கேட்டுக் கெஞ்சினேன்.

கார்த்திகை கடைசி நாள் போனபோது அவர்கள் வீட்டில் சிமென்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பார்சல் கம்பெனிக்கு விட்டுவிட்டார்களாம்.

"நான் இன்னாடி பண்றது? அவன் மூணு லட்சமா கொண்டாந்து வெச்சான். உன் பணம் எங்கியோ மாட்டிக்கினு இருக்குதுன்னு எத்தினி நாள் சொல்லுவ?" என்றார்கள் பட்டம்மாள். அவர்கள் கண்ணிலும் தண்ணீர்தான். இரண்டு ஆட்கள் தறிக்குழியில் ஜல்லியைக் கொட்டினார்கள். நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மார்கழி நாலாம் தேதி கணக்கு திறந்தது.

அன்றைக்கு ராத்திரி அவர் அழுதார். தறியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். "இனிமே உன் கணக்குப் பக்கம் வர மாட்டேன் காயத்ரி" என்றார். நம்பினேன். மறுநாளே பார்சல் கட்டும் வேலைக்குப் போனார். சாயந்திரம் பூ வாங்கி வந்தார். வேறு வீடு பார்க்க ஊருக்கு வெளியே முசரவாக்கம் வரைக்கும் சைக்கிளில் போய் வந்தார். நல்ல மனுஷன், கெட்ட நேரம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நான் தறியில் இருந்தேன். மஹா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்த பெண். கல்லூரியில் படிக்கிற பெண்களுக்கு அரசு மாதாமாதம் போடுகிற ஆயிரம் ரூபாய்க்காக அவளுக்கும் அதே பேங்க்கில் கணக்கு உண்டு. போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, நம்ம யாருக்காவது பொடவ வித்தமா?"

"இல்லியே, ஏன்?"

"முப்பத்தெட்டாயிரம் வந்திருக்குது. யாருன்னே தெரியல. பட்டுப் புடவை அட்வான்ஸ்னு போட்டிருக்குது."

தறியிலிருந்து எப்படி மேலே ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. "உன் கணக்கு நம்பர யாருக்காவது குடுத்தியா?"

"அப்பாதாம்மா கேட்டாரு. வேலைக்குச் சேந்த எடத்துல சம்பளம் போடக் கேக்கறாங்க, என் கணக்குதான் மூடிட்டாங்களேன்னாரு."

என் கணக்குப் பக்கம் வர மாட்டேன் என்ற சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதைவிடப் பெரிய ஆத்திரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. அந்தப் பணம் எந்த ஊரில் எந்தக் கிழவியை மிரட்டிப் பிடுங்கியதோ! என் பெண் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைக்குப் போன் போட்டு அவரைத் திட்டலாம் என்று எடுத்தேன். திட்டினால் தலையாட்டுவார். போனை வைத்துவிட்டேன்.

"பையக் கீழ வை. பாஸ்புக்க எடு" என்று மஹாவைக் கூட்டிக்கொண்டு பேங்க்குக்கு நடந்தேன். ஆறு வாரம் கணக்கைத் திறங்கள் என்று நான் கெஞ்சின அதே மேனேஜர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், இது என் பொண்ணு கணக்கு. இத முடக்கிடுங்க. போலீஸ் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே முடக்கிடுங்க."

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வந்த வழியிலயே திருப்பி அனுப்பிடலாமா சார்?" என்றாள் மஹா.

"வேணாம்மா. யார் பணம்னு தெரியாம தொட்டா நீயும் மாட்டிப்ப. இப்பவே எழுதிக் குடு. இந்தப் பணம் எனக்குச் சம்பந்தமில்ல, விசாரிச்சுத் திருப்பிடுங்கன்னு. கணக்க நான் நிறுத்தி வெக்கறேன். ஆனா ஒண்ணு." என்னைப் பார்த்தார். "கணக்கு எண்ண யார் வெளிய குடுத்தாங்கன்னு எழுதணும். அத எழுதலன்னா பின்னால கேள்வி உங்க பொண்ணுகிட்டதான் வரும்."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். மஹா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். தேதி, கணக்கு எண், தொகை எல்லாம் மளமளவென்று எழுதினாள். 'என் கணக்கு எண்ணை எனக்குத் தெரியாமல் பயன்படுத்தியவர்' என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். பேனா நின்றுவிட்டது.

"அம்மா, அப்பா பேர எழுதவா?"

அவளைப் படிக்க வைத்ததும் அவர்தான். அவள் கண்ணாடி, அவள் காலேஜ் பை எல்லாம் அவர் ஜெயித்த பணம்தான்.

"எழுதும்மா. இனிஷியலோட எழுது" என்றேன்.

எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள், உ. மஹாலட்சுமி என்று. மேனேஜர் தாளை வாங்கிப் படித்துப் பார்த்து, முத்திரை குத்தினார்.